எண் எழுதாத ஊர்கள்

இவோனா வருவதற்கு முதல்நாளே விதுரன் மேசையைத் துடைத்துப் பெட்டிகளை அடுக்கிவிட்டான். எல்லாம் புதுப் பெட்டிகள். உள்ளே புது அட்டைகள், கறுப்பு மையில், அவனுடைய கையெழுத்தில். நாளை இவோனா அவற்றைப் போலந்துக்குக் கொண்டு போவாள். அவள் படிப்பிக்கும் பல்கலைக்கழகம் அவற்றைப் புத்தகமாகப் போடும். புத்தகத்தின் முகப்பில் யொலாந்தாவின் பெயர் இருக்கும்.

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

யொலாந்தா அவன் மனைவி. அவள் இறந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. மற்றப் போலந்துப் பெண்களைப் போல அவளும் வயதான ஒரு சின்யோராவைப் பார்த்துக்கொள்ளத்தான் இத்தாலியில் உள்ள பலெர்மோவுக்கு வந்தாள். அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவன் விதுரன். அவள் ஊரில் பாதியில் விட்டுவிட்டு வந்த ஓர் ஆராய்ச்சி இருந்தது. சின்யோரா மத்தியானம் நித்திரையானதும் குசினி மேசையில் இருந்து லத்தீன் வாசிப்பாள். ஆவணியில் லீவு கிடைத்தால் போலந்துக்குப் போவாள். தாய் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே ஒரு பழைய தேவாலயத்தின் ஆவணக் கூடத்துக்குப் போய் இருந்துவிடுவாள். வருடா வருடம் ஒரே கையெழுத்துப் புத்தகத்தின் முன்னால்.

அது ஒரு சொத்துப் பதிவேடு. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் ஓர் ஆயர், தன் மறைமாவட்டத்தில் எந்தத் தேவாலயத்துக்கு எந்த ஊரில் என்ன இருக்கிறது என்று எழுதிவர ஒரு குருவானவரை அனுப்பினார். எத்தனை வயல், யார் விளைச்சலில் பத்திலொன்று கொடுக்கிறார்கள், ஆலை இருக்கிறதா, வழிப்போக்கர் குடிக்கத் தவறணை இருக்கிறதா, மீன்குளம் யாருடையது. ஊர் ஊராக, ஒரு ஊருக்கு ஒரு வரி, இரண்டு வரி. அந்த வரிகளில் மனிதர்கள் இல்லை. ஆனால் யொலாந்தாவுக்கு அது போதும். ஆலை என்று எழுதியிருந்தால் அங்கே தண்ணீர் ஓடியது. தவறணை என்றிருந்தால் தெரு போனது. ஒரே வயலுக்கு இரண்டு தேவாலயங்கள் உரிமை கேட்டிருந்தால் அந்த மண் நல்ல மண். பல ஊர்களுக்கு அந்த வரிதான் பிறந்தநாள். அதற்கு முன் அவற்றின் பெயரை எவரும் எழுதியதில்லை. யொலாந்தா பிறந்த ஊருக்கும் அப்படித்தான்.

விதுரனின் அக்கா கனகேஸ்வரிக்கு இது பெரிய பகிடி.

"கோயில் காணிக் கணக்கோ? எங்கடை பக்கத்திலை கோயில் காணிக்கு வழக்குத்தான் இருக்கும், கணக்கு இராது. உன்ரை மனிசி செத்துப்போன பாதிரிமாரின்ரை வயலை எண்ணுறாள். இஞ்சை வாடகைக்கு ஒரு வீடு பாக்கச் சொல்லு."

யொலாந்தாவுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். "மச்சாள், வயலை எண்ணி முடிஞ்சதும் வீடு," என்பாள். வீடு பிறகு நகரத்துக்குள்ளேயே அல்பெர்கேரியாப் பகுதியில் கிடைத்தது. மூன்றாம் மாடி, பல்லாரோ சந்தையின் கூச்சல் விடியமுன்னரே யன்னலால் வந்துவிடும். வயல் முடியவில்லை.

அவளுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தபோது அட்டைகள் சப்பாத்துப் பெட்டிகளில் இருந்தன. ஒரு ஊருக்கு ஓர் அட்டை. கடைசி வருடம் அவளுடைய கை நடுங்கத் தொடங்கியது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. இவோனா வீடியோவில் கதைக்க வந்தால் யொலாந்தா எழுதிக்கொண்டிருக்கும் அட்டையைக் கவிழ்த்து வைப்பாள். விதுரன் அதைக் கண்டான். தான் கண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

செத்தவீடு முடிந்த கிழமை இவோனா போனில் கேட்டாள். யொலாந்தாவும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். முன்னுரை தன்னிடம் இருப்பதாகவும் அட்டைகள் வந்தால் புத்தகத்தை முடித்துவிடலாம் என்றும் சொன்னாள். நான் துப்புரவாக எழுதி வைக்கிறேன் என்றான் விதுரன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் இவோனா. வேண்டாம் என்பது எங்கள் ஆட்களிடம் ஒரு மரியாதைச் சொல். தேத்தண்ணி வேண்டாம் என்பவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அவன் எழுதத் தொடங்கினான்.

கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஒரு மீன் உணவகத்தின் குசினியில் அவனுக்கு வேலை. பஸ்சுக்குப் போகுமுன் காலையில் எழுதுவான். லத்தீன் தெரியாது. போலந்து மொழியும் நாலு சொல்லுக்கு மேல் தெரியாது. எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினான். ஓர் எழுத்துப் பிழைத்தால் அட்டையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுத்தான்.

பல அட்டைகளில் வயலின் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் எண் இல்லை. ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. முதலில் கோட்டைக் கோடாகவே எழுதினான். கோடுகள் கூடிக்கொண்டே போயின. பாவி, முடிக்காமல் போய்விட்டாள் என்று நினைத்தான்.

அவளுடைய அலுமாரியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதே பதிவேட்டை, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் யாரோ அச்சில் போட்டது. ஒருநாள் அதை எடுத்து ஓர் ஊரின் பெயரைத் தேடிப் பார்த்தான். பெயர் இருந்தது. எண்ணும் இருந்தது. இன்னோர் ஊரைப் பார்த்தான். அதற்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் இருந்தது.

அன்றைக்கு அவன் சிரித்தான். அவள் போன பிறகு முதல் தடவை.

அதற்குப் பின் காலைகள் அவனுக்கு இனித்தன. கோடு வந்தால் அச்சுப் புத்தகத்தை விரிப்பான். எண்ணைக் கண்டுபிடித்து எழுதுவான். முதலில் கோடாகவே விட்டவற்றையும் புதிதாக எழுதினான். கடைசி ஊரை எழுதிய காலையில் வாய்விட்டுச் சொன்னான். "இந்தா, யொலா. உன்ரை வேலை முடிஞ்சுது."

ஒரு வருடம் முடிந்து ஆட்டைத் திவசம் வந்தது. யொலாந்தாவுக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். கனகேஸ்வரி விடவில்லை, ஐயரையும் வரச் சொன்னாள். கிரியை முடிந்து பிண்டத்தைக் கடலில் கரைக்க ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனபோது விதுரன் சப்பாத்துப் பெட்டிகளையும் காரில் ஏற்றினான். பழைய அட்டைகளை என்ன செய்வதென்று அவன் பல நாளாக யோசித்திருந்தான். குசினி எண்ணெயும் கோப்பியும் மருந்தும் பட்டவை. அவளுடைய கை நடுங்கியதை ஒவ்வொன்றும் சொல்லும். யாராவது ஒருநாள் எடுத்துப் பார்ப்பார்கள். குப்பையில் போட அவனுக்கு மனம் வராது. எழுத்து உள்ள தாளைக் குப்பையில் போட்டுப் பழக்கமில்லாத வீட்டில் பிறந்தவன். பழைய பஞ்சாங்கம், கிழிந்த சாமிப்படம், அட்டை கழன்ற பாடப்புத்தகம் எல்லாம் தண்ணீரில்தான் விடுவார்கள்.

கட்டுகளாகப் போட்டால் அலை திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, அட்டை அட்டையாக விட்டான். மை கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓர் அட்டையை மட்டும் எடுத்துப் பணப்பையில் வைத்தான்.

"போதும் தம்பி, வா," என்றாள் கனகேஸ்வரி. "அவள் நிம்மதியாப் போகட்டும்."

இவோனா மத்தியானம் வந்தாள். உயரமான, நரைத்த பெண். ரோமில் மூன்று வருடம் படித்தவள் என்பதால் இத்தாலியன் நன்றாகப் பேசினாள். சந்தைக்குள்ளால் சில்லுப் பையை இழுத்து வந்து மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. யொலாந்தாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

முதல் பெட்டியைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு அழகான எழுத்து என்றாள். யொலாந்தாவின் எழுத்தை வாசிக்க மாணவர் காலத்திலேயே எல்லாரும் திணறியதைச் சொன்னாள். விதுரன் கோப்பி வைக்கப் போனான். குசினியில் நின்று அவள் அட்டை புரட்டும் சத்தத்தைக் கேட்டான். நன்றாக இருந்தது.

அவன் கோப்பியோடு வந்தபோது அவள் மூன்றாவது பெட்டியில் இருந்தாள். சிரிப்பு இல்லை. வேகமாகப் புரட்டினாள். திரும்ப முதல் பெட்டிக்குப் போனாள்.

"கோடுகள் எங்கே?" என்று கேட்டாள்.

அவன் சந்தோஷமாகச் சொன்னான். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டதாக. அச்சுப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

இவோனா அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பழைய அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் அவற்றைக் கடலில் விட்டதைச் சொன்னான். அவள் இத்தாலியனில் இரண்டாம் தரம் கேட்டாள், தனக்குத்தான் சரியாக விளங்கவில்லை என்று நினைத்து. அவன் திரும்பவும் சொன்னான். ஒன்று மட்டும் இருக்கிறது என்று பணப்பையில் இருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

அது யொலாந்தா பிறந்த ஊரின் அட்டை. எண்ணின் இடத்தில் ஒரு கோடு இருந்தது. மூலையில் அவள் எழுதிய திகதி, நோய் வருவதற்குப் பல வருடங்கள் முந்தியது.

"பாருங்கள்," என்றாள் இவோனா. "கை நடுங்கவில்லை. அவள் விட்டுவிட்டுப் போன கோடு இல்லை இது. போட்ட கோடு."

பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளங்கப்படுத்தினாள். மூலப் பதிவேட்டில் அந்த இடம் வெறுமை. அந்தக் குருவானவர் ஊரின் பெயரை எழுதி, எண்ணுக்கு இடம் விட்டு, பிறகு நிரப்பலாம் என்று போனவர். நிரப்பவில்லை. பல நூறு வருடம் கழித்து அச்சில் போட்டவர் வேறொரு காலத்துக் கணக்கில் இருந்து எண்களை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வெறுமைகளில் போட்டுவிட்டார். அதன் பிறகு எல்லாரும் அச்சைப் பார்த்தார்கள். ஊர் வரலாறு எழுதியவர்கள், தேவாலயத் திருவிழா மலர் போட்டவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், எல்லாரும் அந்த எண்ணைத்தான் எழுதினார்கள். யொலாந்தா மட்டும் மூலத்தைப் பார்த்தாள். வெறுமை இருந்த இடமெல்லாம் கோடு போட்டாள். கோடுகளை வரைபடத்தில் வைத்தால் அந்தக் குருவானவர் எந்த ஊருக்குப் போனார், எந்த ஊரைக் கேள்விப்பட்டு மட்டும் எழுதினார் என்று தெரிந்துவிடும். ஓர் ஆற்றுக்குக் கிழக்கே அவர் கால் வைக்கவே இல்லை. எந்த வரியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும்.

"அதுதான் புத்தகம்," என்றாள். "வேறொன்றும் இல்லை. கோடுகள்தான் புத்தகம்."

விதுரனின் கையில் கோப்பிக் கிண்ணம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தான்.

அச்சோடு ஒத்துப்பார்த்துப் பிரிக்க முடியாதா என்று கேட்டான். இவோனா முடியாது என்று தலையசைத்தாள். மூலத்தில் உண்மையாக இருந்த எண்களும் அச்சில் அப்படியேதான் இருக்கின்றன. இப்போது எல்லா அட்டையும் அச்சோடு ஒத்துப்போகிறது. யொலாந்தா ஏதாவது படம் எடுத்து வைத்திருக்கிறாளா என்று அவள் கேட்டாள். அந்த ஆவணக் கூடத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும்.

எனக்கு ஞாபகம் இருக்கும் என்றான் விதுரன். நான்தானே எழுதினேன்.

அவர்கள் மேசையடியில் இருந்தார்கள். இவோனா பென்சிலை எடுத்தாள். அவன் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தான். இது கோடு. இதுவும் கோடு. இது இல்லை. இதற்கு அச்சில் தேட நேரம் எடுத்தது, பெயர் வேறு மாதிரி இருந்தது, ஆகவே கோடு. இது தெரியவில்லை. இது கோடு என்று நினைக்கிறேன். சந்தையில் கடைகளைக் கட்டத் தொடங்கினார்கள். உணவகத்தில் இருந்து இரண்டு தரம் போன் வந்தது, அவன் எடுக்கவில்லை. வியர்த்து ஒழுகியது. இல்லை, முதல் சொன்னது பிழை, அது கோடு இல்லை என்றான்.

இவோனா பென்சிலை வைத்தாள்.

"நாங்கள் இப்போது செய்வது அந்த அச்சுக்காரர் செய்த வேலை," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். மூலப் பதிவேடு அங்கேதான் இருக்கிறது, அது எங்கும் போகாது என்றாள். யாராவது திரும்பவும் போயிருந்து முதலிலிருந்து பார்க்கலாம். தானே பார்க்கலாம், அல்லது தன் மாணவர் ஒருவர். வருடக்கணக்காகும். ஆனால் அது பார்ப்பவரின் புத்தகம். நன்றி சொல்லும் பக்கத்தில் யொலாந்தாவின் பெயரைப் போடலாம். முகப்பில் போட முடியாது.

விதுரன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. யொலாந்தாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன காலையில் அவள் கேட்டது தண்ணீரோ சாமிப்படமோ இல்லை. பெட்டிகளை ஈரம் படாமல் மேலே தூக்கி வை என்றுதான் சொன்னாள். அவன் தூக்கி வைத்தான்.

இவோனா அவனுடைய கையின் மேல் தன் கையை வைத்தாள். நீங்கள் அன்பினால் செய்தீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் நிறுத்தினாள். கையை எடுத்தாள்.

"ஆனால் அவள் உங்களுக்குச் சொன்னாளே."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கோடுகளின் விசயத்தைக் கண்டுபிடித்த வருடம் எனக்குப் போன் எடுத்தாள். எனக்குக் கோபம் கூட வந்தது, முதலில் எனக்குச் சொல்லவில்லையே என்று. விதுரனுக்குத்தான் முதலில் சொன்னேன் என்றாள். முழுவதும் சொன்னேன், அவனுக்கு விளங்கிவிட்டது, படிக்காதவனுக்கு விளங்கினால் எவருக்கும் விளங்கும் என்று சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை."

அந்த நாள் அவனுக்கு நினைவு வந்தது. ஓர் ஆவணி முடிவு. விமான நிலையத்தில் இருந்து நேரே உணவகத்தின் பின்கதவால் வந்திருந்தாள், பை தோளில். அன்று ஒரு கலியாண விருந்து. அவன் ஒரு வாளி கணவாய் மீனைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் நின்று பேசினாள். ஒரு முள்ளுக்கரண்டியை எடுத்து வைத்து இதுதான் ஆறு என்றாள். எலுமிச்சம்பழங்களை அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தாள். முதலாளி விருந்துக்காரர் வந்துவிட்டார்கள் என்று கத்தினார். விதுரன் ஓம் என்றான். ஓம், ஓம் என்றான். எலுமிச்சம்பழங்கள் அவனுக்குத் தேவையாக இருந்தன, அவள் அவற்றை எப்போது விடுவாள் என்று பார்த்தான். கடைசியில் அவள் தமிழில் கேட்டாள்.

"விளங்கினதா?"

"விளங்கினது," என்றான்.

அவள் அவனைக் கட்டிப்பிடித்தாள். அவனுடைய கை முழுக்கக் கணவாய் மை. அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு கறுப்புக் கைகள் பதிந்தன. அந்தக் கறை எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. அது ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் இல்லை.

இவோனா காத்திருந்தாள்.

"சொன்னாளா இல்லையா?"

"சொன்னாள்."

"உங்களுக்கு விளங்கவில்லை. அப்படித்தானே?"

அவள் அதை இரக்கத்தோடு கேட்டாள். விளங்கவில்லை என்று சொன்னால் போதும். குசினிக்காரன், லத்தீன் தெரியாதவன், அறியாமல் செய்துவிட்டான். இவோனா திரும்பவும் அவன் கையைப் பிடிப்பாள். போலந்துக்குப் போய் மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லுவாள், அவர்களும் பாவம் என்பார்கள். ஆனால் யொலாந்தா, வாழ்நாளில் கண்டுபிடித்த ஒன்றை, கணவாய் உரித்துக்கொண்டு தலையாட்டிய ஒருவனுக்குச் சொல்லிவிட்டுச் சந்தோஷப்பட்டவள் ஆகிவிடுவாள்.

"விளங்கியது," என்றான் விதுரன்.

"எல்லாமா?"

"எல்லாம். கோடு ஏன் என்று எனக்குத் தெரியும். முதலில் எனக்குத்தான் சொன்னாள்."

இவோனாவின் முகத்தில் இருந்த இரக்கம் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"தெரிந்துகொண்டா நிரப்பினீர்கள்?"

அவன் திறந்து கிடந்த பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

"ஏன்?"

அதற்கு அவனிடம் பொய்யும் இல்லை.

இவோனா எழுந்து மேலங்கியைப் போட்டாள். யொலாந்தா பிறந்த ஊரின் அட்டை மேசையில் கிடந்தது. அதை நான் கொண்டுபோகிறேன், அவளுடையது என்று காட்ட ஒன்றாவது இருக்கட்டும் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அவன் தலையாட்டினான். பெட்டிகளை அவள் பார்க்கவில்லை. பையைக் கீழே கொண்டுவந்து தருகிறேன் என்று அவன் கை நீட்டினான். அவள் தானே இழுத்துக்கொண்டு போனாள்.

பையின் சில்லுகள் ஒவ்வொரு படியாகத் தட்டி இறங்கின. விதுரன் கதவடியில் நின்று கீழ்க்கதவு சாத்தும் சத்தம் வரும்வரை கேட்டான். அவள் அங்கே போய்ச் சொல்லுவாள். அவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். யொலாந்தா சொன்னது புருசனுக்கு விளங்கியிருந்தது என்றும் சொல்லுவாள்.